எந்த டிஸ்க், எந்த டிரைவ்? கை வைக்கும் முன் பார்த்துவிடு

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் பிளான்ட் ஐடியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ‘இ டிரைவ் நிரம்பிடுச்சு, பெரிசாக்குங்க’ என்று போன் வந்ததும் விஎம்வேர் திரையில் ‘ஹார்ட் டிஸ்க் 2’ஐப் பிடிக்க ஓடாதே. 1998-ல் ஹூண்டாய் இங்கே கார் உற்பத்தியைத் தொடங்கியதும் சுற்றி வளர்ந்த சப்ளையர் கம்பெனிகள் பல, லைன் கேட்கும் நேரத்துக்குப் பாகம் அனுப்புபவை. தவறான டிஸ்கில் கை வைத்து லேபிள் அச்சடிக்கும் சர்வர் நின்றால் லோடு ஏற்றிய லாரி கேட்டிலேயே நிற்கும்.

விஎம்வேர் டிஸ்குகளை 1-லிருந்து எண்ணும், விண்டோஸ் 0-விலிருந்து எண்ணும். அதனால் அங்கே 2 என்பது இங்கே 1 ஆக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அளவைப் பார்த்தும் முடிவு செய்யாதே; ஒரே சர்வரில் 100 ஜிபி டிஸ்க் மூன்று இருப்பது சகஜம். விஎம்வேரில் ஸ்கஸி 0:1 என்று இருந்தால், விண்டோஸில் அந்த டிஸ்கின் பிராப்பர்ட்டீஸில் டார்கெட் ஐடி 1 என்று வரும். கன்ட்ரோலர் இரண்டு மூன்று இருந்தால் இதுவும் குழப்பும். அப்போது சீரியல் நம்பர்தான் துணை. ‘டிஸ்க் எனேபிள் யுயுஐடி’ என்ற செட்டிங்கை ட்ரூ ஆக்கினால், விஎம்டிகே ஃபைலின் அடையாள எண்ணே உள்ளே சீரியலாகத் தெரியும். அந்த செட்டிங்கை மாற்ற விஎம்மை அணைக்க வேண்டும். ஞாயிறு மெயின்டனன்ஸ் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்.

லினக்ஸில் எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்களை நம்பவே நம்பாதே. ரீபூட் ஆனால் அவை இடம் மாறலாம். எஃப்எஸ்டேப் ஃபைலில் யுயுஐடி போட்டு மவுன்ட் செய். எல்விஎம் இருந்தால் ஒரு வால்யூமே இரண்டு டிஸ்கில் பரவியிருக்கலாம்; எதையாவது கழற்றும் முன் அதைக் கட்டாயம் பார். அமேசான் கிளவுடில் வேலை சுலபம்: புதிய நைட்ரோ இன்ஸ்டன்ஸ்களில் வால்யூம் ஐடியே டிஸ்கின் சீரியலாக வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. புது டிஸ்க் சேர்க்கும்போது 101, 102, 103 ஜிபி என்று வேறு வேறு அளவில் கொடு. நடுராத்திரி ஷிப்டில் தூக்கக் கலக்கத்தோடு பார்த்தாலும் டிஸ்க் மாறாது. சீரியல் பார்க்கும் வேலை அதனால் போய்விடாது, சந்தேகம் மட்டும் பாதியாகும்.

ஸ்னாப்ஷாட் இருக்கும் டிஸ்கைப் பெரிதாக்க விஎம்வேர் விடாது. அவசரத்தில் அந்த ஸ்னாப்ஷாட்டை அழிக்கும் முன், யார் எதற்காக எடுத்தார்கள் என்று கேள். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தைப் பெரிதாக்கலாம், திரும்பச் சுருக்க முடியாது; அதனால் கேட்ட அளவை மட்டும் கொடு.

விஎம் பெயர், விஎம்டிகே ஃபைல், ஸ்கஸி எண், சீரியல், பார்ட்டிஷன், டிரைவ் எழுத்து, அதில் ஓடும் அப்ளிகேஷன் எல்லாவற்றையும் ஒரே வரியில் எக்ஸெலில் எழுதி வை. பிரின்ட் ஒன்று எடுத்து சர்வர் ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டு. அந்த ஷீட்டை சர்வருக்குள் மட்டும் வைத்துவிடாதே.