நந்தி விலகினார், வாயில் திறந்ததோ?

கொள்ளிடத்தின் வடகரையில் விளங்கும் திருமழபாடி மூவர் பாடலும் பெற்ற பழம்பதியாகும். பங்குனித் திங்களிற் புனர்பூச நன்னாளன்று இங்கு நிகழும் நந்தியெம்பெருமான் திருமண விழாவினை அறியாதார் சோழநாட்டில் மிகச் சிலரே. திருவையாற்றினின்று மணமகனாராய் எழுந்தருளும் நந்தியெம்பெருமான், வியாக்கிரபாத முனிவர் திருமகளாராகிய சுயசாம்பிகையாரை ஈண்டு மணம் புணர்வர். மணமாகாத மக்களையுடைய பெற்றோர் அன்று திரள்திரளாக வந்து கூடுவர். அந்நெருக்கத்தில் யார் தோள் யார் தோளிற் பட்டதென்று பார்ப்பாரிலர்.

சில ஆண்டுகட்கு முன், அவ்விழாவினையொட்டி யாம் திருநாளைப்போவார் நாயனார் வரலாறு சொல்லி முடித்தபொழுது, பின்வரிசையிலிருந்த முதியவரொருவர் எழுந்து, "ஐயா, நந்தி விலகினார் என்றீர்கள். விலகிய பின்னராவது அவரை உள்ளே வா என்று ஒருவரும் அழைக்கவில்லையே; அது ஏன்?" என்று வினவினார். அவர் வயலில் உழைத்துப் பிழைப்பவர். பள்ளி சென்று பயின்றவரல்லர். எமக்கு அப்பொழுது விடை வாய்த்திலது. நேரமாயிற்றென்று கூறி எழுந்துவிட்டோம். அது தகாதென இன்றும் நெஞ்சு உறுத்துதலின், அவ்வினாவினையே பொருளாக்கி இதனை எழுதப் புகுந்தோம்.

சேக்கிழார் பெருமான் கூறியவாறு முதற்கண் நோக்குவாம். ஆதனூரிற் பிறந்த நாயனார், சிவாலயங்களிலுள்ள பேரிகை முதலியவற்றிற்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்து வந்தார். அவர் கைப்பட்ட தோல் முரசாகிச் சந்நிதியில் முழங்கிற்று. அக்கை மாத்திரம் வாயிற்புறத்தே நின்றது. திருப்புன்கூரில் அவர் நேரே கண்டு கும்பிட விரும்பியபொழுது, இறைவன் நந்தியை விலகப் பணித்தருளினான். நந்தியும் விலகினார். இன்றும் அத்தலத்தில் நந்தி சற்றே ஒதுங்கியிருத்தலைக் காணலாம். தில்லையிலோ நாயனார் இறைவன் ஆணைப்படி தீப்புகுந்து முனிவர் வடிவுடன் வெளிப்பட்ட பின்னரே உட்சென்றனர். (வேதியராகிய பண்ணையாரொருவர் அவரை வருத்தினாரென்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையில் வந்தது, பெரிய புராணத்தில் இல்லை. நம்மவருட் பலர் இவ்விரண்டையும் கலந்துவிடுகின்றனர்.)

அத்தீயினை மலம் நீங்குதற்கு அறிகுறியென ஒருசாரார் உட்பொருள் கூறுவர். நன்று. அங்ஙனமாயின் அத்தீ நாயனார் ஒருவர்க்கே வேண்டப்பட்டதன்று. வாயிலில் நின்று தடுத்தார் அனைவர்க்கும் வேண்டப்பட்டதேயாம். மலமில்லாதார் அங்கே யாவர்?

இதனைச் சித்தாந்தத்தில் வைத்து ஆராய்வாம். உயிர்களை விஞ்ஞானகலர், பிரளயாகலர், சகலர் என மூவகையாகப் பகுத்தல் நம் நூல் வழக்கு. ஆணவம் ஒன்றேயுடையார் முதல்வர்; ஆணவமும் கன்மமும் உடையார் இடையர்; மாயையுங்கூட மும்மலமும் உடையார் சகலர். மக்களுட் பிறந்தார் யாவரும் சகலரேயாவர். வேதம் ஓதுவானும் ஏர் உழுவானும் பறை கொட்டுவானும் அப்பகுப்பினுள் ஒரே வரிசையில் நிற்கின்றனர். 1948ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையார் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனம், மக்கள் யாவரும் உரிமையுடையராய்ச் சமமாகப் பிறக்கின்றனர் என்கின்றது. நம் சித்தாந்தமோ, யாவரும் ஒருங்கே கட்டுண்டவராய்ப் பிறக்கின்றனர் என்னும். வழி வேறாயினும் சமத்துவம் என்னும் முடிவு ஒன்றே. உரிமைபற்றி வந்த சமத்துவத்தை விடக் கட்டுப்பற்றி வந்த சமத்துவம் செருக்கினை மிகுதியும் அடக்குவதென்பது எம் துணிபு.

மலபரிபாகத்தால் உயிர்களுள் ஏற்றத்தாழ்வு உண்டன்றோ எனின், உண்டு. ஆயின் அது பிறந்த குடியால் அறியப்படுவதன்று. ஆசான் ஒருவனாலேயே அறியப்படுவது. இதற்கு மெய்கண்டார் வரலாறே சான்று. சகலாகம பண்டிதரெனப் பெயர்பெற்ற ஆதிசைவ அந்தணர், வேளாண் குடியிற் பிறந்த தம் மாணாக்கரின் மகனார் இளமையிலேயே ஆசிரியராய் வீற்றிருத்தலைப் பொறாது சென்று, "ஆணவ மலமாவது யாது?" எனக் கடாவினார். மெய்கண்டார் வாய் திறந்திலர். எதிரே நின்ற அவரை அடிமுதல் முடிவரை ஒருமுறை நோக்கினார். குலமும் கல்வியும் வயதும் ஒருங்கு திரண்டு நின்ற வடிவே அதற்கு விடையென உணர்ந்து பண்டிதர் அடிபணிந்து அருணந்தி சிவாசாரியராயினர். அவர் வழியிற் பின்வந்த உமாபதி சிவம் தில்லைவாழந்தணர் மரபினர். விறகு கொணர்ந்த பெற்றான் சாம்பானுக்கு இறைவன் ஆணைப்படி தீக்கை செய்து முத்தி கொடுத்தாரென்பது மரபுவழி வரலாறு. இச்சந்தானத்திற்குத் தலைவராய், சீகண்டரிடம் உபதேசம் பெற்றவர் யாரெனின், நம் மழபாடி மணமகனாராகிய நந்தியேயாவர். புன்கூரில் விலகிய நந்தியும் அவரே.

இனி, "பிறப்பின் உயர்வும் தாழ்வும் கன்மத்தால் வருவன, ஆதலின் அவற்றிற்கேற்ப ஒழுகுதல் முறையே" என்பார் கூற்று ஒன்றுண்டு. எம் இளமையில் யாமும் இதனை நம்பியிருந்தோம். உடலும் கருவியும் உலகும் நுகர்ச்சியும் கன்மத்திற்கேற்ப வருவன என்பது மெய்யே. ஆயின் கன்மம் சடம். தானே சென்று பயன் தராது. உயிரோ தன் கன்மத்தின் அளவையே அறியாது. ஆதலின் பயனை அளந்து கூட்டுவானொருவன் வேண்டுமென்பதன்றோ நாம் இறைவனை நிறுவும் முறை? தன் வினையே தானறியாதவன், அயலான் வினையை அளந்து, இவன் இத்துணைத் தொலைவில் நிற்கக் கடவன் என்று விதித்தல், இறைவனுக்குரிய தொழிலைத் தான் கைக்கொள்ளுதலாம். மேலும், நோயும் வினையால் வருவதே. அதுபற்றி நோயாளிக்கு மருந்து மறுப்பாருளரோ? மழபாடிப் பெருமானுக்குத் திருப்பெயர் வைத்தியநாதன். மருத்துவன் வாயிலிலே நின்றுகொண்டு, நோய் வினைப்பயன், உள்ளே வாராதே என்பானை என்னென்பது!

சிவஞானபோதத்தின் இறுதிச் சூத்திரம் அடியவர் கோலமும் திருக்கோயிலும் ஒருபடித்தாகச் சிவமெனக் கொண்டு வணங்கத்தக்கன என முடிக்கின்றது. நீறணிந்து நிற்கும் அடியவனைக் கோயில் வாயிலில் தடுத்தல், வணங்கத்தக்க ஒன்றினை வணங்கத்தக்க மற்றொன்றின் முன்னே அவமதித்தலாம்.

நூல் இங்ஙனமிருக்க, நாடு எங்ஙனம் இருந்தது? தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில், இறை நீக்கிய நிலங்களை எண்ணுமிடத்துப் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வேறுவேறாகக் குறிக்கப்பட்டுள்ளன. சிவபாதசேகரனென்று பெயர்பூண்ட மன்னன் காலத்து நிலை அது. பிற நாட்டாரும் இவ்வகையில் நமக்கு இளைத்தவரல்லர். மக்கள் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனரென 1776இல் அறிக்கையிட்ட அமெரிக்கர், அடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்தது 1865இல். இடையே 89 ஆண்டுகள். நமக்கோ உமாபதி சிவத்தின் சங்கற்ப நிராகரணம் தோன்றிய 1313 முதற் கணக்கிடினும் ஆறு நூற்றாண்டிற்கு மேலாயிற்று.

திருவாங்கூர் மன்னர் 1936 நவம்பர் 12இல் தம் நாட்டுக் கோயில்களைத் திறந்தனர். 1939 ஜூலை 8இல் அ. வைத்தியநாத ஐயர் ஒதுக்கப்பட்ட வகுப்பினரை உடன்கொண்டு மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலிற் புகுந்தார். எம்மூர்ப் பெருமான் பெயர் தாங்கியவர் அதனைச் செய்தது எமக்கு ஓர் உவகை. சென்னை மாகாண அரசினர் அவ்வாண்டில் ஒரு சட்டமும் 1947இல் அதனினும் விரிந்த சட்டமும் இயற்றினர். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. அருச்சகர் நியமனம் பற்றிய வழக்கு வேறு. அதனைப் பிறிதோர் இதழில் ஆராய்வாம்.

ஆகவே, அம்முதியவர்க்கு யாம் அன்று கூறியிருக்க வேண்டிய விடை இது: நந்தி இறைவன் ஏவல்வழி நிற்பவர், ஏவியவுடன் விலகினார். கதவின் திறவுகோல் நம்மனோர் கையிலிருந்தது. நாம் திறந்திலேம், சட்டம் வந்து திறந்தது. திறந்த பின்னரும் 2023 ஜூனில் விழுப்புரத்தை யடுத்த மேல்பாதியில் திரௌபதியம்மன் கோயில், வழிபாட்டுரிமை பற்றிய பூசலால் அரசினராற் பூட்டி முத்திரையிடப்பட்டது.

வரும் பங்குனியில் அவ்வரலாற்றினையே மீண்டும் சொல்லுமாறு அன்பர் சிலர் கேட்டிருக்கின்றனர். இசைந்துள்ளோம். முடிவில் வினாக்களுக்கென ஒரு நாழிகை விடுமாறும், அம்முதியவர் வருவாராயின் அவரை முன்வரிசையில் இருத்துமாறும் சொல்லியிருக்கின்றோம்.