ஆஸ்துமாவுக்குக் கூடுதல் மருந்து: பயனையும் பக்க விளைவையும் எடைபோடுதல்

ஆஸ்துமா (தொய்வு) உள்ளவர் இன்ஹேலரை ஒழுங்காகப் பயன்படுத்தியும் மூச்சுத்திணறல் அடங்காதபோது, வைத்தியர் வேறொரு மருந்தையும் சேர்த்துக்கொள்ளுமாறு கூறுவதுண்டு. அத்தகைய மருந்துகளுள் ஒன்று மொன்டெலுகாஸ்ட் எனும் மாத்திரை. இது சிலருக்கு நல்ல பயன் தருகிறது. வேறு சிலருக்கு உறக்கத்தையும் மனநிலையையும் குலைக்கிறது. இதனைத் தொடங்குவதா, தொடர்வதா, நிறுத்துவதா என்பதை வைத்தியருடன் சேர்ந்து தீர்மானிக்கத் தேவையான விடயங்கள் கீழே தரப்பட்டுள்ளன.

1. சேர்ப்பதற்கு முன்னர்

ஏற்கெனவே உள்ள மருந்து நுரையீரலைச் சென்றடைகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். உறிஞ்சும் முறை பிழையாக இருந்தால் மருந்தின் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். உங்கள் இன்ஹேலரை எடுத்துச் சென்று, மருந்தாளர் அல்லது தாதி முன்னிலையில் பயன்படுத்திக் காட்டுங்கள்.

வீட்டிலுள்ள ஈரக்கசிவும் பூஞ்சணமும் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியவை. இங்கிலாந்தில் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையிலுள்ள 'அவாப் சட்டம்', கவுன்சில் வீடுகளுக்கும் வீடமைப்புச் சங்க வீடுகளுக்கும் பொருந்தும். கடுமையான ஈரக்கசிவு அல்லது பூஞ்சணம் பற்றி நீங்கள் அறிவித்தால், வீட்டை வாடகைக்குக் கொடுத்தோர் 10 வேலை நாட்களுக்குள் அதனை ஆராய வேண்டும். அறிவிக்கும்போது, வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருப்பதைத் தவறாது குறிப்பிடுங்கள்.

2. இம்மாத்திரை செய்யும் வேலை

ஆஸ்துமா உள்ளவரின் உடலில் சுரக்கும் லியூகோட்ரையீன் எனும் வேதிப்பொருள், மூச்சுக்குழாயைச் சுருக்கி, வீங்கச் செய்து, சளியை மிகுவிக்கிறது. மொன்டெலுகாஸ்ட் அதன் செயலைத் தடுக்கிறது. நாளுக்கு ஒருமுறை, மாலையில் உட்கொள்ளப்படும் இம்மருந்து திடீர் மூச்சுத்திணறலைத் தணிக்காது. ஸ்டீரொயிட் இன்ஹேலருக்கு மாற்றாகவும் அமையாது.

2024 நவம்பரில் வெளியான ஐக்கிய இராச்சிய ஆஸ்துமா வழிகாட்டி, 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு இத்தகைய மருந்தைச் சேர்க்கும்போது, 8 முதல் 12 வாரங்கள் வரையிலான சோதனைக் காலமாக அதனைக் கொள்ளுமாறு கூறுகிறது. அக்காலத்தின் முடிவில் முன்னேற்றம் இல்லையெனில் அம்மருந்தை நிறுத்தி வேறொன்றைக் கருதலாம். எனவே, "வாழ்நாள் முழுவதும் விழுங்க வேண்டுமா?" என்று அஞ்சி மறுக்கவும் வேண்டியதில்லை, பயனுண்டா என்று பாராமல் ஆண்டுக்கணக்கில் விழுங்கவும் வேண்டியதில்லை.

3. பக்க விளைவுகள்

தலைவலி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஆகியன ஏற்படலாம். அவற்றினும் முக்கியமானவை உறக்கமும் மனமும் சார்ந்தவை: கொடுங்கனவு, உறக்கமின்மை, உறக்கத்தில் நடத்தல், பதற்றம், எரிச்சல், மனச்சோர்வு. இவை 100 பேரில் ஒருவருக்கும் குறைவானவர்களிடமே காணப்படுபவை. மிக அரிதாக, தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் தோன்றலாம். இவ்வாபத்துகளை நோயாளிகளும் மருத்துவப் பணியாளரும் போதிய அளவு அறிந்திருக்கவில்லை என்ற கவலையால், ஐக்கிய இராச்சிய மருந்து ஒழுங்குமுறை அதிகாரசபை 2024 ஏப்ரலில் எச்சரிக்கையை வலுப்படுத்தியது.

மனநிலையிலோ நடத்தையிலோ புதிய மாற்றம் தோன்றினால், அல்லது இருந்த மாற்றம் கூடினால், இம்மாத்திரையை நிறுத்தி உடனே வைத்தியரை நாடுங்கள். இன்ஹேலரை மட்டும் நிறுத்தவே கூடாது.

4. சட்டம் தரும் உரிமை

மான்ட்கொமரி எதிர் லானார்க்ஷயர் சுகாதார சபை என்ற வழக்கில் 2015இல் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இங்கு பொருந்தும். அது மகப்பேறு தொடர்பான வழக்காயினும், அதன் நெறி ஏனைய சிகிச்சைகளுக்கும் உரியது. சிகிச்சையின் முக்கியமான ஆபத்துகளையும், அதற்குரிய நியாயமான மாற்று வழிகளையும் நோயாளி அறிந்திருப்பதை உறுதிசெய்ய வைத்தியர் உரிய கவனம் எடுக்க வேண்டும். எந்த ஆபத்து முக்கியமானது என்பது, நோயாளியின் நிலையிலுள்ள ஒருவர் அதனைப் பொருட்படுத்துவாரா என்பதைக் கொண்டு தீர்மானிக்கப்படும். ஆகவே உங்கள் நிலையை வைத்தியர் அறிய வேண்டும். முன்பு மனச்சோர்வு இருந்தது, போரின் நினைவுகளால் உறக்கம் கெடுகிறது, இரவு வேலை பார்க்கிறேன் என்பன எல்லாம் இம்முடிவுக்குத் தேவையான செய்திகளே.

5. எடைபோடும் முறை

தராசின் ஒரு தட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. மருந்தை மறுப்பதற்கும் விலை உண்டு. ஆஸ்துமா கட்டுப்படாமல் அடிக்கடி ஸ்டீரொயிட் மாத்திரை எடுக்க நேர்ந்தால், எலும்பு தேயலாம். நீரிழிவு உள்ளவருக்கு இரத்தச் சர்க்கரை உயரும்.

எடுத்துக்காட்டாக, 13 வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். வாரத்தில் மூன்று இரவுகள் இருமலால் விழித்தவன், மொன்டெலுகாஸ்ட் தொடங்கிய மூன்றாம் வாரத்தில் இருமலின்றி உறங்குகிறான். ஆனால் அதே வாரம் முதல் கெட்ட கனவு காண்கிறான், தம்பியிடம் எரிந்து விழுகிறான். பெற்றோர் அதனைப் பரீட்சை நெருக்கடி என்று எண்ணுகின்றனர். வைத்தியர் கேட்டபோது, "இப்போது பரவாயில்லை" என்கின்றனர். வைத்தியரோ மருந்து பொருந்திவிட்டதாகக் கருதுகிறார். இருமல் குறைந்ததும் உண்மை, மாற்றம் தோன்றியதும் உண்மை. இரண்டையும் சொன்னால்தான் இம்மருந்தை நிறுத்தி மாற்று மருந்தைக் கருத முடியும்.

"பரவாயில்லை" என்ற சொல்லுக்குப் பதிலாகக் கணக்கைக் கூறுங்கள். மருந்து தொடங்குவதற்கு முன்பும், பின்னர் ஒவ்வொரு வாரமும், இவற்றைக் குறித்து வையுங்கள்:

• இருமலால் அல்லது இழுப்பால் விழித்த இரவுகள் எத்தனை?
• நிவாரண இன்ஹேலர் எத்தனை முறை தேவைப்பட்டது?
• பள்ளிக்கோ வேலைக்கோ செல்லாத நாட்கள் எத்தனை?
• உறக்கம், கனவு, கோபம், கவலை ஆகியவற்றில் என்ன மாற்றம்?

கடைசிக் கேள்வியை மறைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. மருந்தால் வரும் மனமாற்றம், மருந்தால் வரும் வயிற்றுவலி போன்றதே. அது குடும்பத்துக்கு இழுக்கும் அன்று, பிள்ளையின் குணக்கேடும் அன்று.

6. வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

• இம்மருந்தால் எனக்கு என்ன பயன் எதிர்பார்க்கிறீர்கள்?
• எத்தனை வாரங்களில், எந்த நாளில் மீளாய்வு செய்வீர்கள்?
• இதற்கு மாற்று மருந்து உண்டா?
• எந்த அறிகுறி கண்டால் உடனே நிறுத்த வேண்டும்?

7. உதவி பெறும் வழிகள்

மொழிபெயர்ப்பாளர்: வைத்திய நிலையத்தில் நேரம் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேளுங்கள், கட்டணம் இல்லை. பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்ப்பிப்பதைத் தவிருங்கள். தன் மனநிலை பற்றிய கேள்வியை ஒரு பிள்ளை தானே மொழிபெயர்க்கும்போது, உண்மையான விடை வெளிவருவது அரிது.

மருந்தாளர்: இங்கிலாந்தில் ஆஸ்துமாவுக்குப் புதிய மருந்து தொடங்குவோர், 'புதிய மருந்துச் சேவை'யின் கீழ் மருந்தகத்தில் இலவச ஆலோசனை பெறலாம்.

மஞ்சள் அட்டைத் திட்டம்: பக்க விளைவு ஏற்பட்டதாகச் சந்தேகித்தால், நீங்களே அதிகாரசபைக்கு அறிவிக்கலாம். 1964இல் தொடங்கிய இத்திட்டத்தில் அறிவிக்க உறுதியான சான்று தேவையில்லை, சந்தேகமே போதும்.

அவசர நிலை: இன்ஹேலர் பயன் தராவிட்டாலோ, மூச்சுத்திணறலால் ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாவிட்டாலோ 999ஐ அழையுங்கள். மனநல நெருக்கடிக்கு 111ஐ அழைத்து, 2ஆம் தெரிவை அழுத்துங்கள். உயிருக்கு ஆபத்து எனில் 999.