மூன்றாம் அதிபதி ஏன்?



வெள்ளிக்கிழமை வேதபாடத்தில் தானியேல் 5-ஆம் அதிகாரம் எடுத்தோம். சுவரில் எழுத்து, நடுங்குகிற பெல்ஷாத்சார், எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு வாலிபத் தம்பி, "பாஸ்டர், ராஜாவுக்கு அடுத்த ஆள் இரண்டாவதுதானே? தானியேலுக்கு ஏன் மூன்றாம் இடம்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வாய் வரலை. "குதர்க்கம் பேசாதே, விசுவாசி" என்று அதட்டி உட்கார வைத்துவிட்டேன். அடுத்த இரண்டு வாரம் அவன் சபைக்கு வரவில்லை.

பிறகுதான் வேதாகமக் கல்லூரி நோட்டுகளையும் சில சரித்திரப் புஸ்தகங்களையும் எடுத்து உட்கார்ந்தேன். டிப்ளமோ வாங்கினவன் இதை அப்பவே படிச்சிருக்கணும்!

பாபிலோனின் கடைசி ராஜா நபோனிதுஸ். கி.மு. 556 முதல் 539 வரை 17 வருஷம் ஆண்டான். நேபுகாத்நேச்சாரின் ராஜவம்சத்தில் பிறந்தவன் அல்ல. அவன் தாய் ஆரான் பட்டணத்துச் சந்திர தேவனின் பக்தை; நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தவள். நம்ம ஆபிரகாம் தங்கிப் புறப்பட்ட அதே ஆரான்தான். மகனும் பாபிலோனின் மெரோதாக்கை விட்டு, சந்திர தேவனையே உயர்த்தினான்.

அதோடு விடவில்லை. பாபிலோனை விட்டு அரபிய வனாந்தரத்திலுள்ள தேமாவுக்குப் போய், பத்து வருஷம் அங்கேயே இருந்துவிட்டான். ஏறக்குறைய 800 கிலோமீட்டர் தூரம்! (ஏசாயா 21-லும் யோபு 6-லும் இந்தத் தேமா வருகிறது.) புதுவருஷப் பண்டிகைக்கு ராஜா இருந்தே ஆகவேண்டும். ராஜா வராததால் பண்டிகை நடக்கவில்லை என்று பாபிலோனியரின் நாளாகமப் பலகை வருஷா வருஷம் குறித்து வைத்திருக்கிறது. சேனையும் அதிகாரிகளும் மூத்த மகன் கையில். அந்த மகன்தான் பெல்ஷாத்சார்.

இப்போது கணக்கைப் பாருங்க. தகப்பன் முதலாவது, மகன் இரண்டாவது. மகன் கொடுக்கக்கூடிய பெரிய இடமே மூன்றாவதுதான். பெல்ஷாத்சார் அதிகாரம் செய்த வருஷங்களிலும் கடன் பத்திரங்களில் நபோனிதுஸின் ஆட்சி வருஷத்தைத்தான் எழுதினார்கள்.

பெல்ஷாத்சார் என்று ஒருவன் இருந்ததே இல்லை என்று ஒரு காலத்தில் எழுதினவர்கள் உண்டு, பழைய கிரேக்க சரித்திரக்காரர் அவன் பேரைச் சொல்லாததால். 1854-ல் ஊர் பட்டணத்துக் கோபுரத்தின் மூலைகளில் நபோனிதுஸ் புதைத்த களிமண் உருளைகளை டெய்லர் என்ற ஆங்கிலேயர் தோண்டி எடுத்தார். அதில் பெல்ஷாத்சார் பேர் இருந்தது!

அந்த எழுத்து ஒரு ஜெபம். என் மூத்த மகன் பெல்ஷாத்சாரின் இருதயத்தில் பயபக்தியை வை, அவன் பாவம் செய்யாதபடி காத்துக்கொள் என்று தகப்பன் சந்திர தேவனிடம் கேட்கிறான். எனக்கும் வளர்ந்த பிள்ளை இருக்கிறான். ஊழியம், கன்வென்ஷன் என்று நானும் மாசத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கிறதில்லை. அந்த இடத்தில் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

கி.மு. 539 அக்டோபரில் கோரேசின் சேனை சிப்பார் பட்டணத்தைப் பிடித்தது. நபோனிதுஸ் ஓடிப்போனான். இரண்டே நாளில் பாபிலோனும் சண்டையில்லாமல் விழுந்தது.

அந்தத் தம்பி வீட்டுக்குப் போய், "அன்னைக்கு எனக்குத் தெரியலை தம்பி, மன்னிச்சுக்கோ" என்று சொல்லி இவ்வளவையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நேபுகாத்நேச்சாரை அவன் தகப்பன்னு ஏன் பாஸ்டர் போட்டிருக்கு?" என்றான்.

படிச்சிட்டு வெள்ளிக்கிழமை சொல்றேன்னு சொல்லியிருக்கிறேன். அவனும் வரேன்னு சொல்லியிருக்கிறான்.