ஏரி கெட்டால் ஆறும் கெடும்

பொம்மசந்திராவில் பெய்யும் மழை எங்கே போகிறது? கால்வாய் வழியாக ஏரிக்குப் போகிறது. ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்குப் போகிறது. கடைசியில் தென்பெண்ணை ஆற்றில் சேர்கிறது. கன்னடத்தில் இதன் பெயர் தட்சிண பினாகினி. கிருஷ்ணகிரி அணையில் இந்த ஆற்று மீனைப் பிடித்துப் பிழைப்பவர்கள் உண்டு.

மீனுக்கும் பிராணவாயு வேண்டும். அது நீரில் கரைந்திருக்கிறது. சாக்கடையும் ஆலைக் கழிவும் சேர்ந்தால் அது குறைந்துவிடும். மீன் மூச்சுத் திணறிச் சாகும். 2016 மார்ச்சில் பெங்களூர் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. அந்த ஏரி நீரும் தென்பெண்ணைக்குத்தான் போகிறது.

நாம் என்ன செய்யலாம்? கால்வாயில் குப்பை கொட்டக் கூடாது. நீர் கறுத்தாலும் நுரைத்தாலும் ஊர் கூடிப் பேச வேண்டும். இப்போது நமக்கு எழுதத் தெரியும். நகராட்சிக்கு மனு எழுதுவோம்.

விடை எழுதுங்கள்: உங்கள் தெருவின் மழைநீர் எந்த ஏரிக்குப் போகிறது?