அவங்களையே கேளுங்க சார்

போடிநாயக்கனூரில் மாற்றுத்திறனாளிக்கு மனு எழுதிக் கொடுக்க ஆள் கிடைக்கும். தேனி கலெக்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போகவும் ஆள் கிடைக்கும். அங்கே போனதும் அவரைப் பேச விடுகிறவர்கள்தான் குறைவு. அம்மாவோ அண்ணனோ முந்திக்கொள்கிறார்கள். ஆகவே தனக்காகத் தானே பேசும் பயிற்சியைத் துணைக்குப் போகிறவரிடமிருந்து தொடங்குங்கள். அவருக்கு ஒரே பாடம்தான்: அதிகாரி தன்னைப் பார்த்துக் கேட்டால், "அவங்களையே கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பதில் வர நேரமானாலும் சரி.

அடுத்தது வீடு. எந்தச் சட்டை, எந்த டாக்டர், திருவிழாவுக்குப் போவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அவர் "வேண்டாம்" என்றால் அது வேண்டாம்தான். கூலியை அவரே வாங்கி அவரே எண்ணட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 13, தம் பணத்தையும் சொத்தையும் தாமே நிர்வகிக்கும் உரிமையை அவர்களுக்குத் தருகிறது. வீட்டிலேயே மறுக்கப்படும் உரிமையை ஆபீசில் போய்க் கேட்க யாருக்கும் துணிச்சல் வராது.

பிறகு மூன்று வாக்கியங்களைப் பழக்குங்கள். எனக்கு என்ன சிரமம், என்னால் எது முடியும், எனக்கு என்ன வேண்டும். ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண் ஒருவர் குடோனில் இப்படிக் கேட்கலாம்: "எனக்கு ஒரு கால் மடக்க வராதுண்ணே. காய் பிரிக்கிறதுல குறை இருக்காது. உக்கார ஒரு ஸ்டூல் மட்டும் வேணும்." இதில் கெஞ்சல் இல்லை, கதை இல்லை. போடிமெட்டு வளைவுகளில் ஏறும் ஜீப்பில் முன் சீட்டு கேட்கவும் இதே மூன்று வாக்கியம் போதும். பேச்சு வராதவருக்குப் படஅட்டை, செல்போனில் முன்பே தட்டச்சு செய்த வரி, சைகை எல்லாமே பேச்சுதான். அறிவுசார் குறைபாடு உள்ளவரிடம் ஒரு நேரத்தில் ஒரு வாக்கியத்துக்கு மேல் போகாதீர்கள்.

இனி ஒத்திகை. பெரும்பாலான பயிற்சிகள் இங்கேதான் சொதப்புகின்றன. பயிற்சி தருபவர் ரொம்ப நல்ல அதிகாரியாக நடித்துவிடுகிறார். எரிச்சலான கிளார்க்காக நடியுங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள். "அடுத்த வாரம் வாம்மா" என்று தாளைத் தள்ளிவிடுங்கள். "எந்தத் தேதி வரணும் சார்? உங்க பேர் என்ன?" என்ற இரண்டு கேள்விகளும் தானாக வாயில் வரும்வரை விடாதீர்கள்.

சட்டத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை; இவ்வளவு தெரிந்தால் போதும். சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதச் சான்று வேண்டும். மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டையான யுடிஐடி இந்தியா முழுக்கச் செல்லும். மலைக்கு அந்தப் பக்கம் கேரள எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பலர் பார்க்க வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் பிரிவு 92-இன்படி ஆறு மாதம் முதல் ஐந்து வருடம்வரை சிறை. கேலியைச் சகித்துப் பழகியவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லுங்கள்.

அப்புறம் நேரில் போங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் சீல் வாங்குங்கள், அல்லது ரசீது. மனுவை அவர் கையாலேயே கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் முதல்வரின் உதவி எண் 1100. இலவசச் சட்ட உதவிக்கு 15100. மாற்றுத்திறனாளிக்கு இதில் வருமான வரம்பு கிடையாது.

தனியாளாகப் போவதைவிட நாலு பேராகப் போவது மேல். 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் மசோதாக்களை நிறைவேற்றியது. வருடக்கணக்கில் சங்கம் வைத்துப் போராடியவர்களின் கோரிக்கை அது. உங்கள் நகராட்சியிலோ ஊராட்சியிலோ அந்த உறுப்பினர் யார் என்று விசாரியுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையே போய் அவரிடம் முதல் மனுவைக் கொடுக்கட்டும்.