கல்லாவுக்கு அடியில் அரிவாள் வேண்டாம்

அரியாங்குப்பம்

அன்புள்ள மகனுக்கு,

பெரியப்பா எழுதுவது. பக்கத்துக் கடையில் திருட்டுப் போனதிலிருந்து நீ ராத்திரியில் கடையிலேயே படுக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். கல்லாவுக்கு அடியில் அரிவாள் வைத்திருப்பதையும், துப்பாக்கி லைசென்ஸுக்கு விசாரித்துக்கொண்டிருப்பதையும் நீயே என்னிடம் சொன்னாய். வட்டிக்கு வாங்கிப் போட்ட செல்போன் கடை. உன் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும், வக்கீல் குமாஸ்தாவாகக் கோர்ட் வாசலிலேயே காலம் கழித்தவன் சொல்கிறேன். அந்த அரிவாளை இன்றே வீட்டுக்கு எடுத்துப் போய்விடு. இனிமேல் கடையில் படுக்காதே.

சட்டம் உன் பக்கம் எவ்வளவு தூரம் வரும் என்பதை முதலில் தெரிந்துகொள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்பு உரிமை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் வருகிறது. பொருளைக் காக்கும்போது எதிராளியின் உயிரே போனாலும் குற்றமாகாத இடங்களை 41-ஆம் பிரிவு சொல்கிறது. கொள்ளை அதில் ஒன்று. பொழுது சாய்ந்த பிறகு விடிவதற்குள் உடைத்து நுழைவது இன்னொன்று. சரக்கு வைத்திருக்கும் கட்டடமும் இதில் அடங்கும் என்பதால் உன் கடைக்கும் இது பொருந்தும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நம் புதுச்சேரியில் இருந்த 1810-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டமும், ராத்திரியில் சுவரேறியோ கதவை உடைத்தோ வருகிறவனைத் தடுப்பதைத் தற்காப்பு என்றே ஏற்றது. ஆனால் அது ஆள் குடியிருக்கும் வீட்டுக்குத்தான்.

41-ஆம் பிரிவை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடாதே. 37-ஆம் பிரிவையும் சேர்த்துப் படி. போலீஸை அழைக்க அவகாசம் இருந்தால் அந்த உரிமை கிடையாது. காப்பதற்குத் தேவையானதைவிட அதிகமாகத் தாக்கினாலும் கிடையாது. உன் கடைக் கேமரா உன் போனிலேயே தெரிகிறது. வீட்டில் இருந்தபடி திருடனைப் பார்த்தவன், 112-ஐ அழைக்காமல் அரிவாளோடு ஏன் ஓடினாய் என்று கோர்ட்டில் கேட்டால் என்ன பதில் சொல்வாய்? ஓடுகிறவனை முதுகில் வெட்டினால் கூண்டில் ஏறுவது நீதான். 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தாக்கப்படுகிறவன் ஒவ்வோர் அடியையும் கணக்குப் பார்த்து எதிர்க்க முடியாது என்று ஒப்புக்கொண்டது. பழிவாங்க இந்த உரிமையைச் சாக்காக வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே தீர்ப்பில்தான் சொன்னது.

கடையம் தம்பதியை நீ உதாரணம் காட்டுவாய். 2019 ஆகஸ்டில் கல்யாணிபுரத்தில் அரிவாளோடு வந்த முகமூடிக்காரர்கள் இருவரை, அந்த முதியவர்கள் நாற்காலியையும் செருப்பையும் வீசி விரட்டினார்கள். சுதந்திர தினத்தன்று அரசு விருது கொடுத்தது. தகும். வந்தவர்களில் ஒருவன் பெரியவரின் கழுத்தைப் பின்னாலிருந்து துணியால் இறுக்கிவிட்டான். போராடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை. ஆபத்து தேடி வந்தபோது எதிர்த்து நிற்பது வேறு, ஆபத்து இருக்கும் இடத்தைத் தேடி நாமே போய்ப் படுப்பது வேறு.

இருட்டில் ஆயுதம் என்ன செய்யும் என்பதற்குச் சென்னை கொளத்தூர் சம்பவத்தை எண்ணிப்பார். 2017 நவம்பரில், ஒரு நகைக்கடைக்கு மேலிருந்த மாடியை வாடகைக்கு எடுத்தவர்கள் தளத்தைத் துளைத்து இறங்கி, மூன்றரை கிலோ தங்கத்தை அள்ளிப் போனார்கள். அவர்களைத் தேடி ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துக்குப் போன இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் டிசம்பர் 13 அன்று குண்டு பாய்ந்து இறந்தார். கொள்ளையர் சுட்டதாகத்தான் முதலில் செய்தி வந்தது. கூடப் போன அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து தவறிப் பாய்ந்த குண்டு அது என்று ராஜஸ்தான் போலீஸ் பிறகு சொன்னது. பயிற்சி பெற்றவர்களுக்கே அந்தக் கதி. 1992 கலவரத்தின்போது லாஸ் ஏஞ்சலிஸில் கொரியக் கடைக்காரர்கள் துப்பாக்கியோடு கூரைமேல் நின்றார்கள். கடைகளைக் காக்க உதவப் போன 18 வயதுக் கொரியப் பையன், சூறையாட வந்தவன் என்று நினைத்துத் தன் இனத்தாரே சுட்டதில் செத்தான்.

நம் ஊரில் விடியற்காலையில் வீராம்பட்டினத்து ஆட்கள் கடலுக்குப் போவார்கள். பால் வண்டி வரும். குடித்துவிட்டு உன் ஷட்டர் ஓரமாகவே ஒருவன் படுத்திருப்பான். தூக்கக் கலக்கத்தில் எழுந்து அரிவாளை ஓங்கும்போது அது யார் என்று பார்க்க உனக்கு நேரம் இருக்குமா?

துப்பாக்கி எண்ணத்தையும் விட்டுவிடு. லைசென்ஸ் வாங்கினாலும் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு சிறை.

திருடன் கையில் சிக்கினாலும் அடிக்காதே. பிடித்து வைக்க உனக்கு உரிமை உண்டு. 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். 2018-இல் கேரளத்தின் அட்டப்பாடியில், கடையில் அரிசி திருடினான் என்று சொல்லி ஒரு பழங்குடி இளைஞனைக் கட்டிவைத்து அடித்தே கொன்றார்கள். 2023-இல் 14 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அவர்கள் வீடுகளிலும் பிள்ளைகுட்டிகள் இருந்திருப்பார்கள்.

அப்படியானால் கடையை எப்படிக் காப்பது? பகலில் காக்க வேண்டும். உன் ஷட்டருக்கு இரண்டு ஓரத்தில் மட்டும்தான் பூட்டு. நடுவில் கடப்பாரையை விட்டு நெம்பினால் தகடு வளைந்து, ஆள் படுத்தபடி நுழைய வழி கிடைத்துவிடும். பூட்டைத் தொடக்கூட வேண்டியதில்லை. நடுவில் ஒரு சென்டர் லாக் போட்டு, அது மாட்டும் கொக்கியைக் கான்கிரீட்டில் ஆழமாகப் பதிக்க வேண்டும். ஷட்டருக்கு உள்ளே ஒரு மடக்கு கேட் போடு. ராத்திரியில் கல்லாவைக் காலி செய்து திறந்தே வை. ஒவ்வொரு போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் நோட்டில் எழுதி வீட்டில் வை. திருட்டுப் போனால், புகார் நகலோடு மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் அந்த எண்ணைப் பதிந்து முடக்கிவிடலாம். இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் அந்தப் போன் வேலை செய்யாது. திருட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடு. உடைத்து நுழைந்த தடயம் இருக்கிறதா என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் பார்ப்பார்கள். ஆகையால் போலீஸ் வரும்வரை எதையும் தொடாதே.

போன சரக்கைத் திரும்ப வாங்கலாம், கடனையும் மெல்ல அடைத்துவிடலாம். ஒரு கொலை வழக்கோ, நீ இல்லாத வீடோ வந்துவிட்டால் அதை யாராலும் சரிக்கட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷட்டர் போடும் ஆளை உன் கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். செலவில் பாதி என்னுடையது. அன்றைக்குப் பக்கத்துக் கடைக்காரர்களையும் கூட்டி வை. எல்லோரும் பங்கு போட்டால் நம் வரிசைக்கு ஒரு ராக்காவலாளை வைத்துவிடலாம்.

அன்புடன்,
பெரியப்பா