மலைவாழ் தாய்மாரும் மகப்பேற்றுச் செலவும்

மகப்பேற்றுச் செலவு மருத்துவமனையின் வாயிலில் தொடங்குவதன்று. வீட்டு வாயிலிலேயே தொடங்கிவிடுகிறது. பழனி மலைத்தொடரில் இவ்வுண்மை தெற்றென விளங்கும். கொடைக்கானலுக்குக் கீழே மலைச்சரிவில் அமைந்த வெள்ளகவி, நெடுங்காலம் வண்டிப்பாதை காணாத சிற்றூர். அவ்வூரார் கருவுற்ற மகளிரை டோலியில் சுமந்தே மலையேறினர்.

மகப்பேற்றுக்குப்பின் மிகும் குருதிப்போக்கு, சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்க வல்லது. தாய்மார் இறப்புக்கு வழிகோலும் தாமதங்களை 1994ஆம் ஆண்டு ஆய்வாளர் இருவர் மூன்றாக வகுத்தனர்: மருத்துவம் நாட முடிவெடுப்பதில் தாமதம், மருத்துவமனையை அடைவதில் தாமதம், அடைந்தபின் தக்க மருத்துவம் பெறுவதில் தாமதம்.

தமிழக அரசு 1987ஆம் ஆண்டு தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் ஏழைத் தாய்மார்க்குப் பேருதவியாயிற்று. 2018ஆம் ஆண்டு அவ்வுதவி 18,000 ரூபாயாக உயர்த்தப்பெற்றது. 2008ஆம் ஆண்டு முதல் 108 ஆம்புலன்ஸ் கட்டணமின்றி வருகிறது. எனினும், சாலை முடியுமிடத்தில் அவ்வூர்தியும் நின்றுவிடுகிறது. சுமப்போர் கூலி, உடன்வருவோர் உணவு, இழக்கும் நாட்கூலி ஆகியவற்றை ஏழைக் குடும்பமே ஏற்கிறது.

ஆகவே, மருத்துவத்திற்குப் பொருள் ஒதுக்குவதுடன் வழிக்கும் பொருள் ஒதுக்குதல் வேண்டும். பேறுகாலம் நெருங்குமுன்பே தாயும் துணைவரும் வந்து தங்க, மருத்துவமனையருகே உணவுடன் கூடிய காத்திருப்பு அறைகள் வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணாக்கர் கிராம சுகாதார செவிலியர்க்குத் துணைநின்று, பாதையற்ற சிற்றூர்களின் தேவையைக் கணக்கெடுக்கலாம்; ஊர்ப் பெரியோர் வழிச்செலவுக்கு நிதி திரட்டலாம். தாய்மையைப் போற்றுதல் சொல்லளவில் நின்றுவிடாமல், டோலி சுமக்கும் தோள்களின் பாரத்தையும் நாம் பகிர்ந்துகொள்வோமாக!